கடலூர் மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியக் கடன் பெற்றுத் தொழில் தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

செம்மண்டலம் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு முதன்முறையாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “மானியம் எவ்வளவு கிடைக்கும்?” அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இடம், இயந்திரம், வங்கி, ஆவணம் என்று நான்கு வேலைகளை ஒழுங்காக முடித்தவர்களுக்கு மானியம் தானாக வந்து சேர்கிறது. முடிக்காதவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு உதவியாக இருந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து இதை எழுதுகிறேன். கொடுத்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். மானிய விகிதங்களும் வயது வரம்புகளும் அரசாணைகளால் அவ்வப்போது மாறுகின்றன; ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் மையத்தில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. தொழில் மையம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

தொழில் மையம் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது வங்கி. பெரிய திட்டமாக இருந்தால் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். தொழில் மையம் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்து, தகுதி இருந்தால் வங்கிக்குப் பரிந்துரைக்கும். வங்கி ஒப்புதல் கொடுத்தபின் மானியத்தை வாங்கித் தரும்.

இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் மனக்கசப்பு அதிகம். “தொழில் மையமே பரிந்துரை கொடுத்துவிட்டது, வங்கி மட்டும் ஏன் மறுக்கிறது?” என்று கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டத்தின் விதிகளுக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதை மையம் பார்க்கிறது. வாங்கிய பணம் திரும்பி வருமா என்பதை வங்கி பார்க்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும்.

மையத்தின் மற்ற வேலைகளும் உண்டு. ஒற்றைச் சாளர முறையில் பல துறைகளின் அனுமதிகளைப் பெற உதவுவது, ஏற்கெனவே நடக்கும் குறுந்தொழில்களுக்கு முதலீட்டு மானியம், மின்கட்டண மானியம் வழங்குவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கடன் வேண்டாம் என்பவர்களும் ஒரு முறை போய்வரலாம்.

2. எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வீடு பாகூர் பக்கம், கடை மஞ்சக்குப்பத்தில் என்று இருப்பார்கள். அல்லது வீடு ரெட்டிச்சாவடியில், பட்டறை கன்னியக்கோவிலில். நடந்து போகும் தூரம்தான். ஆனால் அரசு ஆவணத்தில் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம்.

யு.ஒய்.இ.ஜி.பி, நீட்ஸ் போன்றவை (விவரம் அடுத்த பகுதியில்) தமிழ்நாடு அரசின் மானியக் கடன் திட்டங்கள். புதுச்சேரி குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு இவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. புதுச்சேரியில் வசிப்பவர்கள் தட்டாஞ்சாவடியில் இருக்கும் அங்குள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். பி.எம்.இ.ஜி.பி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மத்திய அரசின் திட்டம் என்பதால் இரண்டு பக்கமும் உண்டு.

வீட்டு முகவரி, தொழில் நடக்கும் முகவரி, வங்கிக் கிளை ஆகிய மூன்றையும் ஒரே மாவட்டத்துக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. மூன்றில் ஒன்று எல்லை தாண்டினாலும் விண்ணப்பம் ஏதாவது ஒரு மேசையில் தேங்கும்.

3. திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெயரைப் பார்த்துத் திட்டம் தேடாதீர்கள். உங்கள் தொழில் உற்பத்தியா, சேவையா, வாங்கி விற்கும் வியாபாரமா? மொத்தச் செலவு எவ்வளவு? குடும்ப வருமானம் எவ்வளவு? இடம் ஊராட்சியிலா நகராட்சியிலா? இந்த நான்குக்கும் விடை எழுதிவிட்டால் பொருத்தமான திட்டம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

*யு.ஒய்.இ.ஜி.பி.* வேலையற்ற இளைஞர்களுக்கான தமிழ்நாடு அரசுத் திட்டம். உற்பத்தி, சேவை, வியாபாரம் மூன்றும் இதில் வரும். 15 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மளிகைக் கடை, துணிக்கடை போன்றவற்றுக்கு இதுவே முதல் வழி.

*பி.எம்.இ.ஜி.பி.* உற்பத்திக்கு 50 லட்சம் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் திட்டம் போடலாம். வருமான வரம்பு இல்லை. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேலே போனால் மட்டும் 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும்.

*நீட்ஸ்.* குறைந்தது பிளஸ் 2 படித்த, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான உற்பத்தி, சேவைத் திட்டங்கள். 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கிறது.

*அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்.* பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொடங்கும் தொழில்களுக்கு 2023-24 முதல் நடைமுறையில் இருக்கிறது. 35 சதவீத மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டியில் 6 சதவீதச் சலுகை. தகுதியுள்ளவர்கள் பலர் இது இருப்பது தெரியாமல் யு.ஒய்.இ.ஜி.பி-க்குப் போகிறார்கள். அங்கே கிடைப்பது 25 சதவீதம்தான். முதலில் இதைக் கேளுங்கள்.

*கலைஞர் கைவினைத் திட்டம்.* 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடன். 25 சதவீத மானியம், உச்சவரம்பு 50,000 ரூபாய். தச்சு, மண்பாண்டம், தையல் போன்ற 25 தொழில்களுக்கு உண்டு.

இங்கே அடிக்கடி குழம்பும் சொல் “சிறப்புப் பிரிவு”. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள், திருநங்கைகள் அனைவரும் இதில் அடக்கம். நம் மாவட்டத்தில் விண்ணப்பிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். சொந்தப் பங்கு, அதாவது திட்டச் செலவில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது, 10 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம் போதும். மாநிலத் திட்டங்களில் வயது வரம்பும் 55 வரை தளர்கிறது. “எனக்கு நாற்பது ஆகிவிட்டது, இனி கிடைக்காது” என்று சொல்லித் திரும்பிப் போகிறவர்களை நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

4. ஒரே தொழில், இரண்டு முகவரி: மானியம் எப்படி மாறுகிறது

பி.எம்.இ.ஜி.பி-யில் இடம் ரொம்ப முக்கியம். சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25 சதவீத மானியம், கிராமத்தில் 35. பொதுப் பிரிவினருக்கு 15, 25.

பண்ருட்டியில் ஒரு பெண் 12 லட்சம் ரூபாயில் முந்திரி உடைக்கும் ஆலை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொட்டகை நகராட்சி எல்லைக்குள் இருந்தால் மானியம் 3 லட்சம். அதே கொட்டகையைக் காடாம்புலியூர் பக்கம் ஊராட்சிப் பகுதியில் போட்டால் 4.2 லட்சம். 1.2 லட்சம் ரூபாய் வித்தியாசம், முகவரியால் மட்டும். முந்திரிக் கொட்டை விளைவதும் தொழிலாளர்கள் வீடு இருப்பதும் ஊராட்சிப் பகுதியில்தான் என்பதால் அங்கே போவதில் இழப்பும் இல்லை.

ஆனால் கிராமப் பகுதி என்பதற்குச் சான்று இணைக்க வேண்டும். நகரத்தை ஒட்டிய சில தெருக்கள் மக்கள் வாயில் ஊராட்சி, ஆவணத்தில் நகராட்சி. வாடகை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் வரும் இடம் எல்லாம் நகரக் கணக்கே.

5. ஆவணங்கள்: பெயர் பொருத்தத்தில் தொடங்குங்கள்

தேவைப்படுபவை: ஆதார், பான், குடும்ப அட்டை, கல்விச் சான்று, சாதிச் சான்று, வருமான வரம்புள்ள திட்டமென்றால் வருமானச் சான்று, புகைப்படம், வங்கிப் பாஸ்புக், இடத்துக்கான ஆவணம், விலைப்புள்ளி, திட்ட அறிக்கை.

பட்டியல் எளிது. சிக்கல் பெயரில் இருக்கிறது. ஆதாரில் முன்னெழுத்து, பானில் தந்தையின் முழுப் பெயர், பள்ளிச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல். திருமணமான பெண்களுக்கு இன்னும் கடினம்: பானில் தந்தை பெயர், ஆதாரில் கணவர் பெயர். இணைய விண்ணப்பம் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வங்கி பானோடு ஒப்பிடும். ஒன்றில் நுழைந்து மற்றதில் நின்றுவிடுவார்கள்.

ஆகவே எந்தச் சான்றுக்கும் விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஆதாரையும் பானையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் போடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் சான்று பழைய எழுத்துக்கூட்டலில் வந்துவிடும், மறுபடியும் வாங்க வேண்டும்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் இப்போதே பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். பழைய இருசக்கர வாகனக் கடனில் நின்றுபோன இரண்டு தவணை, நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, கட்டி முடித்தும் ‘முடிந்தது’ என்று பதியப்படாத நகைக்கடன் ஆகியவை அங்கே தெரியும். இதைச் சரிசெய்யச் சில வாரங்கள் பிடிக்கும். வங்கி மேலாளர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால் அந்த விண்ணப்பம் அங்கேயே முடிந்துபோகும்.

6. இடமும் மின்சாரமும்

சொந்த இடமென்றால் பட்டா, சொத்து வரி ரசீது. வாடகையென்றால் ஒப்பந்தம். பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பார்த்து வங்கிகள் தயங்கும், கடன் தவணை பல ஆண்டுகளுக்கு ஓடுவதால். மூன்று ஆண்டுக்காவது ஒப்பந்தம் போடுங்கள். இடம் மாமனார் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

மின் இணைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் பலர். மாவரைக்கும் இயந்திரமோ மரம் இழைக்கும் இயந்திரமோ வந்து இறங்கிய பிறகுதான் மும்முனை இணைப்பு இல்லை என்பது உறைக்கும். இயந்திரம் சும்மா நிற்கும், தவணை நிற்காது. இடம் பார்க்கும் நாளிலேயே அந்தப் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்: மும்முனைக் கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வைப்புத்தொகை எவ்வளவு, எந்தக் கட்டணப் பட்டியலில் வரும். வணிகக் கட்டணத்துக்கும் குறுந்தொழில் கட்டணத்துக்கும் யூனிட்டுக்கு நல்ல வித்தியாசம் உண்டு. உற்பத்தி செய்பவர்கள் வணிக இணைப்பிலேயே தொடர்ந்தால் லாபம் அங்கே கரையும்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்கே உரியது. 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது, 2015-இல் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். தாழ்வான இடத்தில் சரக்குக் கிடங்கு போடாதீர்கள். அந்தத் தெருவில் வெள்ளம் எந்த அளவுக்கு ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சுவரில் காட்டுவார்கள்.

7. விலைப்புள்ளி வாங்குதல்

விலைப்புள்ளி என்பது இயந்திரம் விற்பவர் தரும் எழுத்துப்பூர்வமான விலை. ஜிஎஸ்டி எண் உள்ள விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். கடன் தொகை உங்கள் கைக்கு வராது; வங்கி நேரடியாக விற்பனையாளரின் கணக்குக்கு அனுப்பும். கணக்கில் காட்டாமல் விற்பவரிடம் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் வங்கி அவருக்குப் பணம் அனுப்பாது.

வரி சேர்த்த தொகையைக் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 18 சதவீத வரி என்றால் 72,000 ரூபாய் கூடும். திட்ட அறிக்கையில் 4 லட்சம் என்று எழுதிவிட்டால் அந்த 72,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். ஏற்றுக்கூலி, பொருத்தும் செலவு ஆகியவற்றையும் விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒப்புதல் வருமுன் முன்பணம் கொடுக்காதீர்கள். இயந்திரத்தை வாங்கிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு மானியம் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. இந்தத் திட்டங்கள் புதிய தொழிலுக்கானவை. ஒப்புதலுக்கு முன்னால் வாங்கியது ஏற்கெனவே நடக்கும் தொழிலின் இயந்திரமாகவே கருதப்படும். நகையை அடகு வைத்து வாங்கியவர் என்றாலும் விதி வளையாது.

8. திட்ட அறிக்கை: வங்கி படிக்கும் ஒரே காகிதம்

ஜெராக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குத் திட்ட அறிக்கை கிடைக்கிறது. பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். கோவையில் இருக்கும் ஆலைக்கு எழுதிய கூலி, வாடகை, விற்பனை விலை எல்லாம் அப்படியே இருக்கும். மேலாளர் ஒரு கேள்வி கேட்டதும் விழிக்க வேண்டியதுதான். வடிவத்துக்கு மாதிரியைப் பாருங்கள். எண்களை நீங்களே எழுதுங்கள்.

முந்திரியையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கணக்கு எங்கே தவறுகிறது என்பது இதில் நன்றாகத் தெரியும். கொட்டையை வேகவைத்து, ஆறவைத்து, உடைத்து, பருப்பைச் சூட்டறையில் உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரிக்க வேண்டும். 100 கிலோ கொட்டையிலிருந்து ஏறத்தாழ கால் பங்குதான் பருப்பாக வரும். அதிலும் முழுப் பருப்புக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, துண்டுக்கு ஒரு விலை. புதிதாக எழுதுகிறவர்கள் மொத்தப் பருப்பையும் முழுப் பருப்பின் விலைக்குப் பெருக்கிவிடுகிறார்கள். முந்திரி தெரிந்த மேலாளர் அந்தப் பக்கத்திலேயே அறிக்கையை மூடிவிடுவார். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி தெரியாத மேலாளர் அதிக நாள் இருப்பதும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு நடைமுறை மூலதனத்தில், அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணத்தில். பண்ருட்டிக் கொட்டை வருவது பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில். அப்போது வாங்கி வைத்தால்தான் ஆண்டு முழுவதும் ஆலை ஓடும். இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையை வியாபாரி சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். 12 லட்சத்தில் 11 லட்சத்தை இயந்திரத்துக்கும் கொட்டகைக்கும் ஒதுக்கிவிட்டு 1 லட்சத்தை வைத்துக்கொண்டு பருவத்துக்குள் நுழைந்தால், வைகாசிக்குள் இயந்திரம் பளபளவென்று இருக்கும், உடைக்கக் கொட்டை இருக்காது. இயந்திரத்தில் ஒன்றைக் குறைத்தாவது சரக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்.

மறுபக்கம், சரக்கு வாங்க மட்டும் பணம் கேட்டுத் திட்டம் போட்டால் பி.எம்.இ.ஜி.பி-யில் எடுபடாது, இயந்திரம் போன்ற நிலையான முதலீடும் இருக்க வேண்டும். நிலம் வாங்கும் செலவையும் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: என்ன பொருள், மாதத்துக்கு எவ்வளவு உற்பத்தி, யார் வாங்குவார்கள், என்ன விலை, செலவு என்னென்ன, தவணை போக மிச்சம் எவ்வளவு. முதல் ஆண்டில் இயந்திரத் திறனில் பாதியளவு உற்பத்தி என்று எழுதுவதில் தவறில்லை. நூறு சதவீதம் என்று எழுதுவதைத்தான் நம்ப மாட்டார்கள். பொருளை வாங்கிக்கொள்வதாக இரண்டு மூன்று கடைக்காரர்கள் கையெழுத்திட்டுத் தரும் கடிதம் பத்துப் பக்க அறிக்கையைவிட வலுவானது.

9. வங்கிக் கிளையை முன்கூட்டியே பார்த்தல்

விண்ணப்பத்தில் வங்கிக் கிளையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் வரும் பெயரைத் தட்டிவிடாதீர்கள். தொழில் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், உங்கள் கணக்கு ஓடும் கிளையாக இருக்கட்டும். மேலாளரைப் பார்த்து, திட்டச் சுருக்கத்தை ஒரே தாளில் கொடுங்கள். “இந்தத் தொழிலுக்குக் கொடுப்பீர்களா, சார்?” என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் தயங்கினால் அடுத்த கிளைக்குப் போகலாம். விண்ணப்பம் போட்ட பிறகு மாற்றுவது கடினம்.

சொத்து அடமானம் கேட்டால் பதற வேண்டாம். குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட உச்சவரம்பு வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேலேயும் அடமானத்துக்குப் பதிலாகக் கடன் உத்தரவாத நிதியம் பொறுப்பேற்கும் வசதி உண்டு. இதைச் சண்டையாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்: “உத்தரவாதத் திட்டத்தில் போட முடியுமா?” என்று கேட்டாலே பேச்சு வேறு திசையில் போகும்.

சொந்தப் பங்கைக் கணக்கில் காட்டுங்கள். 12 லட்சத்துக்கு 5 சதவீதம் 60,000 ரூபாய். அது சில மாதமாகக் கணக்கில் சேர்ந்து வந்திருப்பதைப் பார்க்கும்போது மேலாளருக்கு வரும் நம்பிக்கை, விண்ணப்பத்துக்கு முந்தின நாள் கட்டியதைப் பார்க்கும்போது வராது.

10. விண்ணப்பம்

இப்போதுதான் கணினியைத் திறக்க வேண்டும். மாநிலத் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) துறை இணையதளம், பி.எம்.இ.ஜி.பி-க்குக் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் இணையதளம். பி.எம்.இ.ஜி.பி படிவத்தில் எந்த அமைப்பு வழியாக என்று கேட்கும் இடத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. “மேலே ஆள் இருக்கிறது, மானியத்தில் இவ்வளவு கொடுத்தால் போதும்” என்று சொல்லும் இடைத்தரகர்களை ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் விண்ணப்பத்தின் நிலை உங்களுக்கே தெரியாது. இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்தாலும் கைப்பேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நிதியாண்டின் தொடக்கத்தில், ஏப்ரல் முதல் ஜூலைக்குள் போடுவது நல்லது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று இலக்கும் நிதியும் ஒதுக்குகிறார்கள். பிப்ரவரியில் போட்டால் நிதி தீர்ந்திருக்கலாம். மார்ச்சில் வங்கிக்காரர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கவே நேரம் போதாது.

நேர்காணலுக்கு அழைத்தால் திட்டத்தை எழுதியவரைத் துணைக்கு அழைத்துப் போக முடியாது. மூலப்பொருள் எங்கே வாங்குவீர்கள், மாதத் தவணை எவ்வளவு, போட்டியாளர் யார் ஆகிய மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் வர வேண்டும். கணவர் நடத்தப்போகும் தொழிலுக்கு மனைவி பெயரில் விண்ணப்பிப்பது இங்கேதான் வெளிப்படும். பெண்கள் பெயரில் போடுவதென்றால் அவர்களே நடத்தட்டும். நடத்தவும் செய்கிறார்கள், பலரைவிட நன்றாக.

11. ஒப்புதலுக்குப் பிறகு மானியம் வரை

வங்கி ஒப்புதல் கடிதம் கொடுத்ததும் தொழில்முனைவோர் பயிற்சியை முடிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் மானியம் கோர முடியாத திட்டங்களில் இதைத் தள்ளிப்போட்டால் பணமும் தள்ளிப்போகும்.

பி.எம்.இ.ஜி.பி மானியம் உடனே கடனில் கழியாது. உங்கள் பெயரில் வைப்பாக மூன்று ஆண்டுகள் வங்கியில் இருக்கும். அந்தத் தொகைக்கு வைப்பு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு வங்கி வட்டி போடவும் கூடாது. மேலே சொன்ன 12 லட்சம் ரூபாய் ஆலையில் கடன் 11.4 லட்சம், மானியம் 4.2 லட்சம், ஆகவே வட்டி 7.2 லட்சத்துக்குத்தான். முதல் சில மாதங்களின் கணக்கறிக்கையில் இதைச் சரிபாருங்கள். முழுத் தொகைக்கும் வட்டி போட்டிருந்தால் கிளையில் எழுதிக் கொடுங்கள்.

மூன்று ஆண்டுக்குள் நேரில் வந்து ஆய்வு செய்வார்கள். தொழில் நடக்க வேண்டும், பெயர்ப்பலகை இருக்க வேண்டும், வாங்கிய இயந்திரம் அங்கேயே இருக்க வேண்டும். இடம் மாறினால் வங்கிக்கும் மையத்துக்கும் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய முகவரியைப் பார்த்துத் திரும்பிவிட்டால் மானியம் கைநழுவும்.

வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு தொழில் மையத்துக்குப் போங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர், பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு இடத்திலும் முந்தைய இடத்தின் காகிதம் கையில் இருக்கும்.

12. தொழில் ஓடத் தொடங்கியதும்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இப்போது செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், இலவசம். புதிய தொழிலுக்கு மானியம் கேட்கும் முன்னரே, பழைய தேதியைத் தொடக்க நாளாகப் போட்டு உத்யம் எடுத்துவிட்டால் நீங்கள் ‘ஏற்கெனவே நடக்கும் நிறுவனம்’ ஆகிவிடுகிறீர்கள். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு விற்பனைக்கு முன்பே வேண்டும். உள்ளாட்சி உரிமத்தையும் மறக்காதீர்கள். புகை, கழிவுநீர் வரும் தொழிலென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு தேவையா என்று தொழில் மையத்திலேயே கேட்கலாம்.

ஜிஎஸ்டியில் கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குட்பட்ட பொருளைப் புதுச்சேரிக் கடைக்கு அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். இருபது கிலோமீட்டர் பஸ் பயணம்தானே என்று பதிவில்லாமல் பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, வழியில் சோதனையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரக்குக்கும் இயந்திரத்துக்கும் புயல், வெள்ளம் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். வங்கி எடுத்திருந்தாலும் பத்திரத்தை வாங்கி, வெள்ளம் அதில் இருக்கிறதா, சரக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்துக்கு மட்டும் இருப்பது வழக்கம்.

உற்பத்தி செய்யும் குறுந்தொழில்களுக்கு முதல் 36 மாதங்களுக்கு மின்கட்டணத்தில் 20 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இதைத் தனியாகக் கேட்க வேண்டும். மின் அட்டைகளையும் கட்டண ரசீதுகளையும் முதல் மாதத்திலிருந்தே கோப்பில் வையுங்கள்.

13. ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்களுக்கு வேறு பாதை

செயலி, புதிய கருவி, புதிய தொழில்நுட்பம் என்று வருகிறவர்கள் மேலே சொன்ன மானியக் கடனில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வருமானம் வர ஆண்டுகள் ஆகும் தொழிலுக்கு மாதத் தவணைக் கடன் பொருந்தாது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தொடக்க நிதி உண்டு. பெண்கள் தலைமையிலான நிறுவனங்கள் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கு 15 லட்சம்.

இவற்றுக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் முதலில் தேவைப்படும். தனிநபர் உரிமையில் நடக்கும் நிறுவனத்துக்கு அது கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பர்கள் இருவர் பேச்சளவில் பங்கு பிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டு, நிதி கேட்கும்போது நிறுவனம் பதிவு செய்யப் போகிறார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு அப்போதுதான் வெடிக்கிறது. பதிவையும் பங்கையும் முதல் மாதத்திலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள்.

14. விற்ற பொருளுக்குப் பணம் வராவிட்டால்

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதத்தை’ப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. மத்திய அரசின் எம்எஸ்எம்இ துறை இணையதளத்தில் முறையிடலாம். வழக்கு, இத்தகைய பாக்கிகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும்.

முறையீட்டுக்குக் கேட்பது கொள்முதல் ஆணை, பில், பொருள் பெற்றதற்கான கையெழுத்து ஆகிய மூன்றும்தான். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்கள் தொலைபேசியில் வந்த ஆணையை நம்பிப் பொருளை இறக்கிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பிலாவது ஆணையை எழுத்தில் வாங்குங்கள், இறக்கும் இடத்தில் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். விற்பனைக்குப் பிறகு எடுத்த பதிவு முந்தைய பில்லுக்கு உதவாது.